தாளில் தொலைந்த 243 மீட்டர்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இயற்கையாக அமைந்த துறைமுகம் இல்லை. கடலுக்குள் கல் கொட்டி எழுப்பிய இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவேதான் அதன் அமைதியான நீர்ப்பரப்பு இருக்கிறது. வடக்குச் சுவரின் நீளம் 4,098.66 மீட்டர், தெற்குச் சுவரின் நீளம் 3,873.37 மீட்டர், இரண்டுக்கும் இடைவெளி 1,275 மீட்டர். இதை 1:10,000 அளவுத்திட்டத்தில் ஏ3 தாளில் வரைந்தால் வடக்குச் சுவர் 410 மில்லிமீட்டர் வரும். தாளின் நீளம் 420 மில்லிமீட்டர் என்பதால் மட்டாக அடங்கிவிடும்.

இனி அதே டிராயிங்கை அமெரிக்காவில் உருவான ஒரு மென்பொருளிலிருந்து அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். பக்க அளவை யாரும் மாற்றவில்லை. அந்த நாட்டு வழக்கப்படி 11 அங்குலம் அகலமும் 17 அங்குலம் நீளமும் கொண்ட டேப்ளாய்டு தாளே அதில் முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருக்கிறது. அது ஏ3 தாளைவிடச் சற்று நீளம், ஆனால் அகலத்தில் குறைவு: 279.4 மில்லிமீட்டர்தான். ஏ3-க்கு 297. 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற கட்டத்தில் டிக் இருந்தால், மென்பொருள் அந்த அகலத்துக்காக முழுப் படத்தையும் 94 சதவீதமாகச் சுருக்கிவிடும். 410 மில்லிமீட்டர் இருந்த சுவர் 386 ஆகிறது. அளவுகோல் வைத்துப் பார்ப்பவருக்கு 3,856 மீட்டர் கிடைக்கிறது. 243 மீட்டர் போயே போய்விட்டது. தெற்குச் சுவரின் உண்மையான நீளம் இதற்கு வெகு அருகில் இருப்பதால், தவறான எண் பழகிய எண்ணைப் போலவே தோன்றும், சந்தேகம் எழாது. மூலையில் '1:10,000' என்ற வாசகம் மட்டும் மாறாமல், தெளிவாக அச்சாகியிருக்கும்.

பொறியியல் மென்பொருளில் வரையும் கிராஃப், குறுக்குவெட்டுப் படம், ஆழ வரைபடம் ஆகியவை தாளில் தவறாக விழுவது இன்று நேற்றுத் தோன்றிய தொல்லை இல்லை. அலுவலகங்களில் இதைப் பெரும்பாலும் பிரிண்டரின் கோளாறு என்றே சொல்கிறார்கள். டோனரை மாற்றுகிறார்கள், டிரைவரை மறுபடி நிறுவுகிறார்கள், கடைசியில் அடுத்த தெரு ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவோடு போகிறார்கள். உண்மையில் பிரிண்டருக்கும் தரவுக்கும் நடுவே பல கட்டங்கள் இருக்கின்றன. எண்கள் படமாகின்றன, படம் ஒரு பக்கத்தில் அமர்த்தப்படுகிறது, பக்கம் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றப்படுகிறது, பிறகுதான் மை தாளில் இறங்குகிறது. பிழை இவற்றில் எங்கே முதன்முதலாக நுழைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. கண்டுபிடித்துவிட்டால் திருத்துவது பெரும்பாலும் ஒரே ஒரு செட்டிங்.

அளவு மாறும் பிழையிலிருந்து தொடங்குவது நியாயம், ஏனென்றால் அதுதான் மிகப் பரவலானது. டேப்ளாய்டு தாள் சம்பந்தப்படாவிட்டாலும் அது நிகழும். பெரும்பாலான பிரிண்டர்களால் தாளின் விளிம்புவரை மை பூச முடியாது. ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டர் விட்டுவிட்டால் 297 மில்லிமீட்டர் அகலத்தில் 287தான் மிஞ்சும். 'பொருத்து' என்ற கட்டளை அதற்குள் படத்தை அடக்க 97 சதவீதமாகச் சுருக்கும். மூன்று சதவீதச் சுருக்கத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் 'உண்மை அளவு' என்று அச்சிட்டால் ஓரத்திலிருக்கும் அச்சுப் பெயரும் அலகும் வெட்டுப்படலாம். கிராஃபின் அடியில் 'மீட்டர்' என்றிருந்த சொல் வெட்டுப்பட்டுப் போனால், அது அடியா மீட்டரா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். எனவே தீர்வு அச்சிடும் நேரத்தில் இல்லை. வரையும்போதே விளிம்பில் போதிய இடம் விட்டு, தாளின் அளவைச் சரியாகக் குறித்துவிட வேண்டும்.

மாலுமிகளுக்கான வரைபடம் அச்சிட்டவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ சந்தித்துவிட்டார்கள். செப்புத் தகட்டில் செதுக்கிய கடல் வரைபடங்களை ஈரப்படுத்திய தாளில் அழுத்தி அச்சிட்டார்கள். தாள் காயும்போது சுருங்கும். அதுவும் நீளவாக்கில் ஒரு விதமாகவும் அகலவாக்கில் வேறு விதமாகவும் சுருங்கும். அதனால் படத்தின் உள்கட்டம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதைக் கீழ்வலது மூலையில் அச்சடித்துவிடும் வழக்கம் வந்தது. வாங்கியவர் தன் கையிலுள்ள பிரதியை அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டு, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பிரிட்டிஷ் கடற்படை வரைபடங்களில் இதைப் பார்க்கலாம். இந்த வழக்கம் கடல் வரைபடத் துறையில் இன்றுவரை தொடர்கிறது. தாளை நம்பாதே, தாள் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள வழி செய் என்ற இந்த எண்ணம் பொறியியல் மென்பொருளுக்குள் ஒழுங்காக வந்து சேரவே இல்லை. பெரிய இழப்பு அது. '1:10,000' என்ற வாசகத்தோடு நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டையும் இரு திசைகளிலும் போட்டிருந்தால், 94 மில்லிமீட்டர் என்று காட்டி அது உடனே உண்மையைச் சொல்லியிருக்கும்.

மருத்துவத்தில் இதய மின்வரைபடம் கட்டம் போட்ட தாளில் வருவதால் இதே பயன் கிடைக்கிறது. வழக்கமாக ஒரு விநாடிக்கு 25 மில்லிமீட்டர், ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர். கட்டமும் கோடும் சேர்ந்தே சுருங்குவதால், எந்தத் தாளில் அச்சிட்டாலும் கட்டத்தை எண்ணிப் படிக்கலாம்.

இரு திசைகளிலும் கோடு வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் அது மென்பொருளோ டிரைவரோ செய்த சுருக்கம். தாள் பிரிண்டருக்குள் நகரும் திசையில் மட்டும் பிசகியிருந்தால் அது உருளை தாளைத் தள்ளும் அளவு தவறியதன் விளைவு. பெரிய இங்க்ஜெட் பிளாட்டர்களில் இதற்கென்றே அளவுத் திருத்தம் செய்யும் வசதி இருக்கிறது. ஒரே படத்தை நிமிர்த்தியும் படுக்கையாகவும் அச்சிட்டுப் பார்த்தால், பிழை படத்தோடு திரும்புகிறதா, தாளோடு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊரில் மூன்றாவது காரணமும் சேரும். காற்றின் ஈரத்தில் தாள் விரியும், குளிரூட்டிய அறைக்குள் வந்தால் சுருங்கும். ஏ1 தாளில் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடலாம். கடல் அளவையாளர்கள் மூலப் படங்களைத் தாளுக்குப் பதிலாக பாலியஸ்டர் ஃபிலிமில் வரைந்தது அதனால்தான்.

தாளின் மேல் இந்த அளவுக்கு அவநம்பிக்கை ஏன் என்று கேட்பவர்கள் பழைய எதிரொலி ஆழமானியை நினைத்துப் பார்க்கலாம். படகின் அடியிலிருந்து ஒலி புறப்பட்டுக் கடல்தரையில் மோதித் திரும்புவதற்குள், ஓர் ஊசி தாளின் குறுக்கே ஓடும். எதிரொலி வந்த கணத்தில் அது தாளைச் சுட்டுக் கரும்புள்ளி வைக்கும். புள்ளிகள் சேர்ந்து கடல்தரையின் வடிவமாகும். இங்கே ஊசியின் வேகமே அளவுகோல். மோட்டார் ஒரு சதவீதம் பிசகினால் ஆழமும் ஒரு சதவீதம் பிசகும். 14 மீட்டர் ஆழத்தில் அது 14 சென்டிமீட்டர். தாள் தளர்ந்திருந்தாலும் பிழை வரும். ஆகவே அளவை தொடங்குமுன் ஓர் இரும்புச் சட்டத்தைக் கயிற்றில் கட்டி, படகுக்கு அடியில் தெரிந்த ஆழங்களுக்கு இறக்குவார்கள். தாளில் விழும் கோடு அதே ஆழத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு மீட்டரில் சட்டம் இருக்கும்போது தாள் இரண்டு மீட்டர் சொல்ல வேண்டும். எண்கள் கணினிக்குள் போய்விட்ட பிறகும் இந்தச் சட்டச் சோதனை தொடர்கிறது. ஆனால் அந்த எண்களைத் தாளில் அச்சிடும் கடைசிக் கட்டத்துக்கு அப்படியொரு சோதனையை யாரும் வகுத்து வைக்கவில்லை. தூத்துக்குடியில் கடல் ஏற்ற இறக்கத்தின் வேறுபாடே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவது. அந்த வளைகோட்டை அச்சிடும்போது ஒரு கட்டம் நகர்ந்தால்கூட முழு ஏற்றத்தில் கணிசமான பங்கு போய்விடும்.

கோடுகள் காணாமல் போவது வேறு வகைக் கதை.

ஒரு ஆழ வரைபடத்தில் பத்து மீட்டர்க் கோடு திரையில் அழகாகத் தெரிகிறது, தாளில் இல்லை. முதல் சந்தேகம் கோட்டின் தடிமன் மேல் விழ வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப் இரண்டிலும் தடிமன் பூஜ்யம் என்று கொடுத்தால், 'இந்தக் கருவியால் முடிந்த மிக மெல்லிய கோடு' என்று பொருள். திரையில் அது ஒரு பிக்சல், நன்றாகவே தெரியும். அங்குலத்துக்கு 1,200 புள்ளி வைக்கும் பிரிண்டரில் அதே கோடு 0.02 மில்லிமீட்டர், இல்லாதது போலத்தான். நல்ல பிரிண்டர் வாங்க வாங்கக் கோடு மறைவது இதனால்தான். கோட்டுக்குக் கால் மில்லிமீட்டர் என்று எண் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

ஆட்டோகேட் பயன்படுத்துவோரை அலைக்கழிக்கும் இன்னொரு காரணம் 'டெஃப்பாயிண்ட்ஸ்' என்ற லேயர். பரிமாணம் குறிக்கும்போது மென்பொருள் தானாக உருவாக்கும் அந்த லேயரில் எதை வரைந்தாலும் திரையில் தெரியும், அச்சில் ஒருபோதும் வராது. அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தெரியாத்தனமாக அதில் ஒரு மிதவையின் இடத்தைக் குறித்துவிட்டால், எத்தனை பிரிண்டர் மாற்றினாலும் மிதவை தாளுக்கு வராது.

நிறமும் தடிமனும் அதே மென்பொருளில் ஒன்றோடொன்று பிணைந்துகிடப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1959-ல் வந்த கால்காம்ப் பிளாட்டரும் அதன் பின் வந்தவையும் உண்மையான பேனாக்களைக் கொண்டு வரைந்தன. பிற்காலத்தில் பல பேனாக்களைத் தாங்கும் பிளாட்டர்கள் வந்தபோது, சிவப்புக் கோடு என்றால் முதல் பேனா, மஞ்சள் என்றால் இரண்டாவது என்று ஒதுக்கினார்கள். பேனாவின் முனைதான் கோட்டின் தடிமன். பேனாக்கள் போய் நாளாகிவிட்டது. ஆனால் நிறத்துக்குத் தடிமன் ஒதுக்கும் அட்டவணை தனி ஃபைலாக இன்னும் வாழ்கிறது. டிராயிங்கை மட்டும் அனுப்பி அந்த அட்டவணையை அனுப்ப மறந்தால், அச்சிடும் கணினி தன்னிடமுள்ள வேறொரு அட்டவணையை எடுத்துக்கொள்ளும். தடித்த எல்லைக்கோடு மெலிந்துபோகும். துணைக்கோடு கரியாக முன்னே வந்து நிற்கும். கறுப்புத் திரையில் மஞ்சளில் வரைந்தவை வெள்ளைத் தாளில் மங்கிப்போவதும் இதன் உறவுதான். கடைக்கு டிராயிங் ஃபைலை அனுப்பாமல், தன் கணினியிலேயே உருவாக்கிய பிடிஎஃப்பை அனுப்புவது இந்தத் தொல்லையில் பெரும்பாதியை ஒழித்துவிடும்.

பிடிஎஃப் வேறு விதத்திலும் உதவுகிறது. மென்பொருளுக்கும் பிரிண்டருக்கும் சரியாக நடுவில் நிற்பதால், பழியை யார் மேல் போடுவது என்று அது தீர்ப்புச் சொல்லும். பிடிஎஃப்பை வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அங்கேயே பிழை இருந்தால் பிரிண்டரைத் தொடுவது வீண். அங்கே எல்லாம் சரியென்றால் மட்டும் பிரிண்டர் பக்கம் திரும்பலாம். அப்போது 'படமாக அச்சிடு' என்ற வசதியைப் போட்டுப் பார்ப்பது நல்லது. அப்படிச் சரியாக வந்தால், கோடுகளை வரைவதற்கான கட்டளைகளைப் பிரிண்டர் தவறாகப் புரிந்துகொண்டது, அல்லது அவற்றைத் தாங்கும் நினைவகம் அதற்கு இல்லை என்று பொருள். பாதிப் படத்தோடு நின்றுபோகும் பிளாட்டர்களில் பல இந்த வகைதான்.

நினைவகம் போதாமல் போகக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறிய புள்ளிகள். நிமிடத்துக்கு ஒரு முறை கடல்மட்டத்தைப் பதிந்தால் ஆண்டுக்கு 5,25,600 எண்கள். 150 மில்லிமீட்டர் அகல கிராஃபில், அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் பிரிண்டருக்கு இருக்கும் இடமோ ஏறத்தாழ 3,540 புள்ளி. அதாவது ஒரு புள்ளிக்குள் ஏறக்குறைய 148 நிமிடங்கள் திணிக்கப்படுகின்றன. சில மென்பொருள்கள் எல்லாவற்றையும் மேலே மேலே வரைந்து கறுப்புப் பட்டையாக்கும். சில ஓசையில்லாமல் இடையிடையே எண்களை விட்டுவிடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது தூத்துக்குடியின் கடல்மட்டப் பதிவுக் கருவியும் அதைப் பதிவு செய்தது. ஓர் அலையின் ஏற்றமும் இறக்கமும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆண்டு முழுவதையும் ஒரே தாளில் அடக்கும் கிராஃபில் அப்படியொரு நிகழ்ச்சி ஒற்றைக் கோடாகச் சுருங்கும், அல்லது விடுபட்ட எண்களோடு போய்விடும். இங்கே திருத்தப்பட வேண்டியது அச்சு இல்லை. எத்தனை நாளை ஒரு தாளில் காட்டலாம் என்று வரைபவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவை மென்பொருளிடம் விடுவது ஆபத்து.

எண்குறிகளே மாறிப்போவதும் உண்டு. மேட்லேப்பின் பழைய பதிப்புகளில் திரையிலுள்ள சாளரத்தின் அளவும் தாளில் படம் பெறும் அளவும் வெவ்வேறாக இருந்தன. தாளுக்கு 8 அங்குலம், 6 அங்குலம் என்று தனி அளவு. அச்சிடும் நேரத்தில் படம் அந்த அளவுக்கு மாற, அச்சின் குறிகளையும் மென்பொருள் புதிதாகக் கணக்கிட்டுவிடும். திரையில் 0, 2, 4, 6 என்றிருந்தது தாளில் 0, 5, 10 என்று வரும். கோடு சரிதான், ஆனால் பார்த்துப் பேசிய கிராஃபும் கையெழுத்துப் போட்ட கிராஃபும் ஒன்றில்லை. 2016-ல் வந்த பதிப்பிலிருந்து திரையின் அளவையே தாளும் பின்பற்றும்படி மாற்றினார்கள். ஆனால் பத்தாண்டுக்கு முன் எழுதிய நிரல்களை அப்படியே ஓட்டும் அலுவலகங்கள் ஏராளம். அவற்றில் பழைய கட்டளைகள் பழைய குணத்தோடு தொடர்கின்றன. குறிகளையும் எல்லைகளையும் நிரலிலேயே எண்ணாக எழுதிப் பூட்டிவிடுவதே பாதுகாப்பு.

வண்ணம் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மன்னார் வளைகுடாவின் ஆழத்தை நீலத்திலிருந்து சிவப்புவரை வானவில் நிறங்களில் தீட்டுவது பல காலம் வழக்கமாக இருந்தது. மேட்லேப்பில் 'ஜெட்' என்ற பெயரில் அதுவே முன்னிருப்பு. கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் அது என்னவாகும்? நடுவிலுள்ள மஞ்சளும் வெளிர்நீலமும் வெளுத்துப்போகும். இரு முனைகளிலுமுள்ள கரும்நீலமும் கருஞ்சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகும். மிக ஆழமான இடமும் மிக மேடான இடமும் தாளில் ஒன்றுபோலத் தெரியும். கடலைப் பற்றிய படத்தில் இதைவிட மோசமான குழப்பம் இருக்க முடியாது. மேட்லேப் 2014-ல் அந்த முன்னிருப்பைக் கைவிட்டது. பைத்தானின் மேட்பிளாட்லிப் 2017-ல் 'விரிடிஸ்' என்ற நிறவரிசைக்கு மாறியது. கருமையிலிருந்து வெளுப்புக்கு ஒரே திசையில் நகரும் அது சாம்பலில் அச்சானாலும் வரிசை குலையாது, சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் புரியும்.

எழுத்துகளுக்கு வந்தால் விஷயம் இன்னும் நுணுக்கமாகிறது. பழைய 'சிம்பல்' எழுத்துருவில் கிரேக்க எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலச் சிறிய 'எம்' இருக்கும் இடத்தில் கிரேக்க 'மியூ', பெரிய 'டபிள்யூ' இடத்தில் 'ஒமேகா'. பிரிண்டரிடம் அந்த எழுத்துரு இல்லாமல், அதற்குப் பதில் வேறொன்றைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? மைக்ரோமீட்டர் என்ற குறி மில்லிமீட்டராகும்; ஓம் என்ற குறி வாட் ஆகும். கட்டமோ கேள்விக்குறியோ வந்திருந்தால் யாரேனும் கேட்டிருப்பார்கள். இங்கே வருவது முறையான, அர்த்தமுள்ள வேறொரு அலகு. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி தூத்துக்குடிப் பகுதியில் வளர்ப்பு முத்து உருவாக்கிக் காட்டினார். உள்ளே வைத்த கருவின் மேல் சிப்பி மெல்ல மெல்லப் படியவைக்கும் படலத்தை மைக்ரோமீட்டரில்தான் அளக்க வேண்டியிருக்கும். அதன் வளர்ச்சியைக் காட்டும் ஒரு கிராஃபில் அலகு இப்படி மாறினால் படலம் ஆயிரம் மடங்கு தடித்துவிடும்.

கழித்தல் குறிக்கும் இதே கதி வரக்கூடும். கணக்கில் எழுதும் கழித்தல் குறியும் விசைப்பலகையிலுள்ள சிறுகோடும் கணினிக்கு வெவ்வேறு எழுத்து. எழுத்துருவில் முதலாவது இல்லையென்றால் அந்த இடத்தில் கட்டம் வரும், அல்லது ஒன்றுமே வராது. அளவைத் தளத்துக்குக் கீழே நான்கு மீட்டர் என்பது மேலே நான்கு மீட்டர் என்று படிக்கப்படும்.

தமிழில் தலைப்பிட விரும்பும் பொறியாளருக்குக் கூடுதல் சோதனை காத்திருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் 'சிம்பல்' செய்ததையே செய்தன: ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழை உட்கார வைத்தன. பாமினியில் 'கடல்' என்று அடித்த தலைப்பு, அந்த எழுத்துரு இல்லாத கடையில் 'எஃப், எல், ஒய்' என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக அச்சாகும். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்ற பின் அந்தப் பழைய தொல்லை குறைந்தது. புதிய தொல்லை வேறு மாதிரி. யூனிகோடில் கொம்பும் காலும் உள்ள எழுத்தைத் திரையிலோ தாளிலோ சேர்த்து அமைக்க மென்பொருளுக்குத் தனித் திறன் வேண்டும். கிராஃப் வரையும் நிரல்கள் பலவற்றில் அது இல்லை, அல்லது மிகத் தாமதமாக வந்தது. தூத்துக்குடிக் கடலின் புகழ்பெற்ற முத்துப்படுகைகளில் ஒன்று தொளாயிரம் பார். அந்தப் பெயரின் முதல் எழுத்தே இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்: கொம்பு முன்னால் வராது, புள்ளிவட்டம் ஒன்று நடுவில் தலைகாட்டும். 1905-ல் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தக் கடலின் முத்துக்குளிப்பு பற்றிச் சென்னை அரசுக்கு அறிக்கை எழுதியபோது பார்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் அச்சாயின. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த சலாபம் என்னும் முத்தெடுப்போடு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. அந்தப் பார்களுக்குப் பெயரிட்ட மொழியிலேயே அவற்றின் வரைபடத்தை இன்று அச்சிட முடியவில்லை என்றால், அது பொறுத்துக்கொள்ளக் கூடிய குறை இல்லை. இப்போதைக்குக் கைகொடுக்கும் வழி, படத்தை எழுத்தில்லாமல் வெளியே எடுத்து, தமிழை ஒழுங்காக அமைக்கத் தெரிந்த வேறொரு வரைகலை மென்பொருளில் தலைப்புகளைச் சேர்ப்பது. பிறகு எழுத்துருவை பிடிஎஃப்புக்குள் பொதிந்துவிட வேண்டும், அல்லது எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, பிரிண்டரே குற்றவாளியாக நின்ற ஒரு வழக்கும் உண்டு. 2013-ல் ஜெர்மனியின் கணினி விஞ்ஞானி டேவிட் க்ரீசல் ஒரு கட்டட வரைபடத்தின் நகலைப் பார்த்துத் திகைத்தார். மூலத்தில் மூன்று அறைகளுக்கு மூன்று பரப்பளவு: 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் வகை இயந்திரம் ஸ்கேன் செய்து கொடுத்த நகலில் மூன்று அறைக்கும் 14.13 என்றே இருந்தது. எழுத்து மங்கவில்லை, கலங்கவில்லை. தவறான எண் மிகத் தெளிவாக நின்றது. காரணம், ஃபைலின் பருமனைக் குறைக்கப் பயன்பட்ட ஜேபிக்2 என்ற சுருக்கமுறை. பக்கத்திலுள்ள சிறு உருவங்களை ஒப்பிட்டு, ஒத்திருப்பவை என்று தோன்றியவற்றுக்கு ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பப் போடும் முறை அது. சிறிய எழுத்தில் ஒரு எண்ணை இன்னொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டது. செய்தி உலகெங்கும் பரவ, நிறுவனம் திருத்த மென்பொருளை வெளியிட்டது. பொறியாளர்கள் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, எண்கள் நிறைந்த படத்தை அதிகச் சுருக்கத்தில் ஸ்கேன் செய்து அந்த நகலை மறுபடி அச்சிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது. ஆழ எண்கள் ஆயிரக்கணக்கில் சிறு எழுத்தில் நெருங்கிக் கிடக்கும் அளவைப் படத்துக்கு இது இன்னும் பொருந்தும்.

கடல் வரைபட உலகமே இப்போது இந்தச் சிக்கலுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் நோவா அமைப்பு 2014 ஏப்ரலில் அரசு அச்சகத்தில் வரைபடம் அச்சடிப்பதை நிறுத்தி, கேட்கும்போது அச்சிட்டுக் கொடுக்கும் முகவர்களிடம் அந்த வேலையை விட்டது. சர்வதேசப் பயணம் போகும் பெரிய கப்பல்களுக்கு மின்னணு வரைபடக் கருவி 2012 முதல் 2018-க்குள் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. தாள் அதனால் அழிந்துவிடவில்லை. அச்சகத்தில் கண் தேர்ந்தவர்கள் பார்த்துத் தாளை வெளியே விட்ட காலம் போய், அந்தக் கடைசிப் பார்வை பிளாட்டர் வைத்திருக்கும் கடைக்காரருக்கும் பக்கத்தில் நிற்கும் பயிற்சிப் பொறியாளருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த இடத்தில்தான் சோதனையும் அமைய வேண்டும். அச்சான முதல் தாளில் நூறு மில்லிமீட்டர்க் கோடுகள் இரண்டையும் எஃகு அளவுகோலால் அளக்க வேண்டும். ஆழமான ஓர் இடத்தையும் மேடான ஓர் இடத்தையும் எடுத்து, தாளிலுள்ள எண்ணை மூலத் தரவின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அலகும் கழித்தல் குறியும் இருக்கின்றனவா என்று வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். மிஞ்சிய பிரதிகளை அச்சிடச் சொல்வது இவையெல்லாம் முடிந்த பிறகுதான்.